தட்டை எண்ணினால் போதுமா?

ஆண்டு முடிவில் நம் முன்னே இரண்டு கணக்குகள் வருகின்றன. ஒன்று பள்ளிக்கூடத்துக் கணக்கு. இத்தனை பிள்ளைகளுக்கு, இத்தனை நாள், இத்தனை தட்டு உணவு கொடுத்தோம் என்று அது சொல்கிறது. மற்றொன்று தோட்டத்துக் கணக்கு. இத்தனை ஏக்கரில் இத்தனை சுற்று களைமருந்து அடித்தோம் என்று அது சொல்கிறது. இரண்டிலும் எண்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டல் பிசகவில்லை. கையெழுத்தும் முத்திரையும் உரிய இடத்தில் இருக்கின்றன. ஆனால் பிள்ளை வளர்ந்ததா, களை ஒழிந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அந்தத் தாள்களில் விடை இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. செலவு செய்தோம் என்பது வேறு, பலன் கண்டோம் என்பது வேறு. இந்த வேறுபாட்டை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் பால்மரம் வெட்டும் நாமும், கணக்கு எழுதும் நாமுமே.

பால் ஸ்டோர் கற்றுத்தரும் பாடம்

வெட்டுத் தொழிலாளி எத்தனை வாளி கொண்டுவந்தார் என்று மட்டும் பார்த்துச் சம்பளம் போடும் தோட்டம் எங்கேனும் உண்டா? இல்லை. பாலை நிறுக்கிறார்கள். மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறார்கள். மழைத்தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஆராய்கிறார்கள். நூறு பங்கு பாலில் ரப்பராகத் தேறுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு எவ்வளவு என்பதைக் கண்டறிந்த பிறகே செக்ரோலில் எண் ஏறுகிறது. வாளிக்கு மதிப்பில்லை, வாளிக்குள் இருக்கும் சரக்குக்குத்தான் மதிப்பு.

மரத்தின் பாலுக்கு இவ்வளவு நுட்பமான அளவுகோல் இருக்கிறது. நம் பிள்ளை குடிக்கும் பாலுக்கும் உண்ணும் சோற்றுக்கும் மட்டும் எண்ணிக்கை போதும் என்றால், அது என்ன நியாயம்? கம்பெனியின் சரக்கு நிறுத்துப் பார்க்கத் தகுந்தது, தொழிலாளியின் பிள்ளை எண்ணிப் பார்த்தால் போதுமானது என்றா பொருள்?

திட்டத்தைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. நல்ல திட்டம் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

உணவுத் திட்டம் நடந்து வந்த பாதை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு போடுவது நம்மவர்க்குப் புதிய செய்தி அல்ல. சென்னை மாகாணத்தில் 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த பிள்ளை பாடத்தைக் கேட்காது என்ற எளிய உண்மையே அதற்கு அடிப்படை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள் அதில் சேர்ந்தன. பிறகு மாநிலத் திட்டக்குழு அதை ஆராய்ந்தது. பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியிருந்ததைக் கண்டது. திட்டம் மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. அளந்து பார்த்ததனால் பேச ஆதாரம் கிடைத்தது. ஆனால் வருகை கூடினால் மட்டும் போதாது, உடம்பும் தேறியதா என்று பார்ப்பதுதான் முழுக் கணக்கு.

நம் நாட்டிலும் இந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆர்.எம்.டி. என்று நாம் சொல்லும் துணையுணவுத் திட்டம் 1979 முதல் கல்வி அமைச்சின் பொறுப்பில் நடந்துவருகிறது. 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. வறிய குடும்பத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை உரியவை. தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2.50 வெள்ளி என்றிருந்த தொகையை 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3.50 வெள்ளியாக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் இந்தத் தட்டை நம்பி வரும் பிள்ளைகள் உண்டு. காலை இருட்டில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், அன்றைய முதல் சூடான உணவு பள்ளிக்கூடத்தில்தான்.

ஆனால் நிலைமையைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 21.2 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கூறியது. 2019இல் அது 21.8ஆக இருந்தது. ஐந்து பிள்ளைகளில் ஒன்று! ஐ.நா. சிறுவர் நிதியம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் சிறுவர்களைப் பற்றியது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 22 பேர் குட்டை, 15 பேர் எடை குறைவு. அதே மாடிகளில் 23 விழுக்காட்டுச் சிறுவர்கள் அளவுக்கு மீறிய எடை! ஒரே வீட்டில் அண்ணன் பருமன், தங்கை மெலிவு. தோட்டம் விற்கப்பட்டும் மூடப்பட்டும் நகரத்துக்குப் போன நம் உறவினர்கள் குடியேறியவை இத்தகைய மாடிகளே. ஜோர்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் அவர்களைப் பார்க்கிறோம். செபராங் பிறையில் கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நிலம் மாறியபோது மனிதனும் இடம் மாறினான். பிள்ளையின் தட்டு மாறியதா?

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுக்குள் நேர்ந்த வளர்ச்சிக் குறைவுக்குப் பள்ளி உணவுத் திட்டத்தைக் குற்றஞ்சாட்ட முடியாது. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே குட்டையாக வருகிறது. அந்தப் பழி தாயின் உணவுக்கும், தகப்பனின் சம்பளத்துக்கும், வீட்டின் வறுமைக்கும் உரியது. ஆகையினால்தான் சொல்கிறோம்: பிள்ளை பள்ளியில் சேரும் நாளிலேயே உயரமும் எடையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். தொடக்கம் தெரியாவிட்டால் ஏற்றம் எப்படித் தெரியும்? காலையில் வெறும் வாளியின் எடையைக் கழிக்காமல் பால் நிறுத்தால் அந்தக் கணக்கை ஒப்புவோமா?

பலன் தெரியாத திட்டத்துக்கு என்ன நேரும்?

2019ஆம் ஆண்டு, எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலை உணவு என்று அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தார். 2020 ஜனவரியில் கட்டம் கட்டமாகத் தொடங்கும் என்றார்கள். ஏழை, பணக்காரன் என்ற பிரிவில்லாமல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது என்பதே அதன் சிறப்பு. அந்த ஜனவரித் தொடக்கத்திலேயே அமைச்சர் பதவி விலகினார். அறிவித்த வடிவில் அந்தத் திட்டம் வரவில்லை. பழைய ஆர்.எம்.டி.யைச் சீர்செய்து நடத்துவது என்று முடிந்தது.

“செலவு அதிகம், உணவு வீணாகும்” என்று அன்று பேசியவர்கள் கையில் ரொக்கக் கணக்கு இருந்தது. “பிள்ளை தேறும்” என்று பேசிய நம் கையில் என்ன இருந்தது? நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை மட்டும் இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் என்ன நடக்கும் என்பது தொழிற்சங்கத்துக்குத் தெரியாததல்ல. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது விலைவாசிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டுதானே போகிறோம்? பிள்ளைகளின் உணவுக்காகப் பேசும்போதும் கையில் எண் வேண்டும். அந்த எண் நம்முடையதாக இருக்க வேண்டும்.

களையின் கதையும் இதேதான்

இனித் தோட்டத்துக்கு வருவோம். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பார்கள். களையை ஒழிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எது களை, எப்படி ஒழிகிறது என்று பார்த்து ஒழியுங்கள் என்கிறோம்.

நம் தோட்டங்களில் லாலாங் புல் பழைய பகை. அதன் மேல்புல்லை வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு மறுபடி துளிர்க்கும். பிறகு வெளிநாட்டுச் செடிகள் வந்தன. மிக்கானியா என்னும் கொடி, மலாய்க்காரர்கள் செலாபுட் துங்குல் என்று சொல்வது, அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளுக்கு உரியது. இந்தோனேசியாவில் அதை ரப்பர் மரத்தடியில் நிலம் மூடும் கொடியாக வளர்த்தும் பார்த்தார்கள். நன்மை செய்யும் என்று வளர்த்தது மரத்தையே வளரவிடாமல் தடுத்தது. அந்தக் கொடியில் மற்றச் செடியின் வளர்ச்சியை ஒடுக்கும் பொருள் இருக்கிறது என்ற ஆராய்ச்சி 1964இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இன்னொன்றையும் வெளிக்காட்டு வேலை செய்பவர்கள் அறிவார்கள்: மிக்கானியாவைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். வெட்டிய ஏக்கர் கணக்கில் ஏறும், களையும் பெருகும்!

மருந்தின் கதை இதைவிடக் கசப்பு. 1962இல் சந்தைக்கு வந்த பாராகுவாட், கிராமக்ஸோன் என்ற பெயரில் நம் தோட்டங்களில் புகுந்தது. விழுங்கிவிட்டால் மாற்று மருந்தில்லாத நஞ்சு அது. முதுகில் தோம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. 2002இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத்தடை நடப்புக்கு வந்தது. இடையிலே கழிந்த ஆண்டுகளில் தெளித்த ஏக்கர்கள் கணக்கில் உண்டு. தெளித்த பெண்ணின் கண்ணும் நுரையீரலும் எந்தக் கணக்கில் உண்டு?

அவ்வளவு தெளித்தும் களை ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. கேழ்வரகைப் போலவே கதிர்விடும் ஒரு காட்டுப்புல் நம் நாட்டில் கிளைபோசேட் மருந்துக்கே அடங்காமல் வளர்வதை 1997இல் கண்டார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், சாகாத புல் மட்டும் மிஞ்சி விதை போடுகிறது. அடுத்த ஆண்டு அதுவே காட்டை ஆள்கிறது. சுற்று எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல. பயற்றினக் கொடிகளை வளர்த்து நிலத்தை மூடுவது, பூக்குமுன் வேரோடு பிடுங்குவது, பிடுங்கியதை உலர்த்தி அழிப்பது ஆகிய வழிகள் பழையவை, பலன் தருபவை. அவற்றுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அங்கேதான் நிர்வாகங்கள் கணக்குப் பார்க்கின்றன.

உலகெங்கும் நடந்த பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கத்தில் பினாங்குக்குத் தனி இடம் உண்டு. பூச்சிமருந்து நடவடிக்கை வலையமைப்பு என்னும் அனைத்துலக இயக்கம் 1982இல் பிறந்தது இந்தப் பினாங்கில்தான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் உணவைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. நம் வாசலிலேயே விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சம் தோட்டத்து லயத்துக்கும் எட்டவேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

பிள்ளையின் உணவையும் தோட்டத்துக் களையையும் ஏன் ஒரே கட்டுரையில் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன, அதனால்தான்.

ஒரு காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் நின்றன. நிரைகளுக்கிடையே முளைத்த புல்லையும் பூண்டையும் அவை மேய்ந்தன. களை குறைந்தது, வீட்டில் பால் இருந்தது. இது வெறும் கிராமத்து நினைவு அல்ல. ரப்பர் மரத்தடியில் செம்மறியாடு வளர்த்தால் களைச் செலவு குறையும் என்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே 1980களில் ஊக்குவித்தது. ரும்புட் இஸ்ரேல் என்று மலாயில் சொல்லப்படும் அசிஸ்தாசியாச் செடி தோட்டத்துக்குத் தொல்லையான களை, ஆட்டுக்கோ புரதம் மிக்க தீனி! நஞ்சு தெளித்த நிலத்தில் மாடு மேய முடியாது. வரப்போரத்துப் பொன்னாங்கண்ணியையும் மணத்தக்காளியையும் பறிக்க முடியாது. களைச் செலவு குறைந்தது என்று தோட்டத்துக் கணக்கு சொன்ன அதே நாளில், வீட்டுப் பாலும் கீரையும் போயின. அந்த இழப்பை எந்தக் கிராணியும் எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. பிறகு, போன பாலுக்கு ஈடாகப் பள்ளியில் பெட்டிப் பால் வருகிறது!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பார்த்தீனியம் என்னும் மெக்சிகோ நாட்டுக் களை 2013இல் நம் நாட்டில் முதன்முதலாகச் சிலாங்கூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் பக்கத்துக் கெடாவிலும் கண்டார்கள். சிறு வெள்ளைப் பூ, கேரட்டைப் போன்ற இலை. இந்தியாவில் 1955 வாக்கில் பூனாவில் தலைகாட்டி நாடு முழுவதும் பரவியது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று அங்கே பரவலாகப் பேசுவார்கள். தொட்டால் தோல் அரிக்கும், பூந்தூள் மூச்சை அடைக்கும், தின்ற மாட்டின் பால் கெடும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பள்ளி வளாகத்தில் கோத்தோங் ரோயோங் என்று பிள்ளைகளை வெறுங்கையோடு களை பிடுங்க நிறுத்துவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும். இந்தச் செடியைக் கண்டால் விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள். பெரியவர்கள் கையுறை போட்டு, பூக்குமுன் பிடுங்குங்கள்.

மறுப்புக்கு விடை

“ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை அதிகம், இதையும் சுமத்துவதா?” என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் 2008 முதல் நான்காம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு செகாக் என்னும் உடற்திறன் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் உயரமும் எடையும் பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையும் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அளவை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கி, உணவுக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெற்றோருக்குச் சொன்னால் போதும். ஜப்பானில் 1954இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் இயற்றினார்கள். போரில் நொறுங்கிய நாடு அது. பிள்ளையின் தட்டை அது பிச்சையாகக் கருதவில்லை, பாடத்தின் ஒரு பகுதியாகக் கருதியது.

“கைக்களை எடுத்தால் செலவு கட்டாது” என்று நிர்வாகங்கள் சொல்லும். எந்தச் செலவு? மருந்தின் விலை மட்டுமா செலவு? மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் இழந்த நாட்கூலி, அடங்காத புல்லுக்கு அடுத்த ஆண்டு வாங்கும் விலையேறிய மருந்து, கெட்டுப்போன ஓடைத் தண்ணீர் ஆகியவற்றையும் கூட்டுங்கள். பிறகு பேசுவோம்.

நாம் கேட்பது

முதலாவது, துணையுணவு பெறும் ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் எடையும் பள்ளியில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு இருமுறையும் பார்க்கப்பட வேண்டும். பெயர் இல்லாமல், மொத்தக் கணக்கு மட்டும் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் ஏழை என்ற முத்திரை விழக்கூடாது.

இரண்டாவது, கொடுத்த தட்டை மட்டுமல்ல, மிஞ்சிய தட்டையும் எண்ண வேண்டும். பிள்ளை உண்ணாமல் ஒதுக்குவது கீரையா, மீனா, ஆறிப்போன சோறா என்று பார்த்தால் சமையலைத் திருத்தலாம். 3.50 வெள்ளியில் எவ்வளவு உண்மையில் தட்டில் விழுகிறது என்பதையும் பெற்றோர் அறியவேண்டும்.

மூன்றாவது, களை வேலைக்கு ஏக்கர் கணக்கு போதாது. ஓர் அடையாளத் துண்டு நிலத்தில் இன்று எத்தனை செடி, மூன்று மாதம் கழித்து எத்தனை செடி என்று எண்ணவேண்டும். பள்ளி, ஆயாக் கொட்டகை, கிணறு, ஓடை ஆகியவற்றின் அருகே மருந்து தெளிக்கக் கூடாது.

நான்காவது, இந்த இரண்டு கணக்குகளையும் பார்க்கும் குழுவில் தாய்மார்களும் மருந்து தெளிக்கும் தொழிலாளர்களும் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து இன்று நம்மோடு தோட்டத்தில் உழைப்பவர்களையும் ஒதுக்கக் கூடாது. அவர்கள் சுவாசிப்பதும் அதே காற்றுதான்.

தோழர்களே! கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைந்துபோவதற்காக இந்தக் கோரிக்கைகளை நாம் எழுதவில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வேலை அலுப்பைப் பாராமல் போங்கள். கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து நின்று மரியாதையாகக் கேளுங்கள்: “தட்டு எத்தனை என்று சொன்னீர்கள், நன்றி. பிள்ளைகள் எத்தனை கிலோ ஏறினார்கள்?” அடுத்த பெரட்டில் மண்டோரிடம் கேளுங்கள்: “எத்தனை ஏக்கர் என்று சொன்னீர்கள், நன்றி. களை எத்தனை குறைந்தது?” விடை உடனே வராது. மறுமாதமும் கேளுங்கள். கணக்கு எழுதத் தெரிந்த கிராணிகள் கேட்பவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.